நியாமக் பவனில் 12 நாள்

மும்பை அணுசக்தி நகர், நியாமக் பவன். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இங்கேதான் இருக்கிறது. கல்பாக்கமோ கூடங்குளமோ, இவர்கள் அனுமதி கொடுத்தால்தான் உலை ஓடும். அப்பேர்ப்பட்ட வாரியமே 2015 மார்ச் 16 முதல் 27 வரை பரீட்சைக்கு உட்கார்ந்தது! கேள்வி கேட்டவர்கள், சர்வதேச அணுசக்தி முகமை திரட்டி அனுப்பிய நிபுணர்கள். தலைமை தாங்கியவர் கனடா அணுப் பாதுகாப்பு ஆணையத்தின் ரம்சி ஜம்மால்.

ஐ.ஆர்.ஆர்.எஸ். என்று அழைக்கப்படும் இந்த ஆய்வுக்குள் எட்டிப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நாடு கூப்பிட்டால்தான் குழு வரும். வருகிறவர்களில் பெரும்பாலோர் தத்தம் நாட்டில் இதே வேலையைப் பார்ப்பவர்கள். அதனால் அவர்களிடம் எதையும் பூசி மெழுக முடியாது! அவர்கள் விமானம் ஏறுமுன்பே பாதிக் கூத்து முடிந்திருக்கும். தன் குறைகளைத் தானே எழுதி, ஆவணங்களோடு வாரியம் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது களஆய்வு. உள்ளூர் ஆய்வாளர் அணுமின் நிலையத்துக்குள் போகிறார். வெளிநாட்டு நிபுணரும் கூடவே போகிறார். ஆனால் அவர் பார்ப்பது உலையை அல்ல, ஆய்வாளரை! என்ன கேட்கிறார், சொன்ன பதிலை அப்படியே நம்பிவிடுகிறாரா, பதிவேட்டைப் புரட்டுகிறாரா, குறை தென்பட்டால் முகத்துக்கு நேரே சொல்கிறாரா? காவலுக்கே காவல்!

சாயங்காலமானால் குழு கூடிவிடும். இங்கே ஓர் அருமையான விதி உண்டு: 'எங்கள் நாட்டில் இப்படிச் செய்வோம்' என்ற பேச்சு எடுபடாது. முகமையின் பாதுகாப்பு விதிகளில் எது, எந்த எண் என்று காட்டியாக வேண்டும். அறிக்கையில் ஒரு கட்டம் போடுவார்கள். மேலே கண்டது, அதன்கீழ் விதி, அடியில் ஒரே ஒரு வாக்கியம். விதிப்படி இல்லையென்றால் பரிந்துரை. இன்னும் மேம்படலாம் என்றால் யோசனை. மற்ற நாடுகளும் பின்பற்றத் தக்கது என்றால் பாராட்டு.

அனுபவமும் அறிவும் அர்ப்பணிப்பும் உள்ள அமைப்பு என்று வாரியத்தை மெச்சியது குழு. அணுமின் நிலையங்களில் நேரடிச் சோதனைகளை அதிகப்படுத்தலாம் என்றது. எல்லாவற்றுக்கும் மேலே, வாரியத்தின் சுதந்திரத்தை அரசு சட்டத்திலேயே உறுதிசெய்ய வேண்டும் என்று எழுதியது! 1983-ல் அரசாணையால் பிறந்த வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆணையத்தின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலாளர். அணுமின் நிலையங்களை நடத்தும் அணுமின் கழகமும் அதே துறையின் கீழ்தான். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-லேயே இந்தப் பலவீனத்தைச் சுட்டியிருந்தார். ஒழுங்குமுறை அமைப்பைச் சட்டத்தின் மூலமே நிறுவ 2011-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவோ நிறைவேறாமலே காலாவதியாகிப் போனது. உள்ளூர்க்காரர்கள் தொண்டை வறளச் சொன்னதை, சக தொழில்காரர்கள் விதியைக் காட்டி எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது துள்ளிக் குதிக்கத் தோன்றியது!

கதை அதோடு முடியவில்லை. 2022-ல் தொடர் ஆய்வுக்குக் குழு மறுபடி வந்தது. அப்போது ஒவ்வொரு பரிந்துரையாக எடுத்து வைத்து முடிவு கட்டுவார்கள்: நிறைவேறியது, நிறைவேறும் என்று நம்பலாம், இன்னும் பாக்கி. 'செய்துகொண்டிருக்கிறோம்' என்று வாயால் சொன்னால் போதாது. ஆதாரத்தை எடுத்துக் காட்ட வேண்டும்!