பிரிண்டர் ஓடவில்லையா? சர்வரின் காவலை அணைக்காதீர்கள்

ஷிப்மென்ட் நாளன்று பார்கோடு பிரிண்டர் நின்றுபோனால் பனியன் கம்பெனியில் என்ன நடக்கும் என்பது திருப்பூருக்குத் தெரியும். கார்ட்டன் ஸ்டிக்கர் இல்லாமல் பேக்கிங் நகராது. பேக்கிங் லிஸ்ட்டும் இன்வாய்ஸும் இ-வே பில்லும் இல்லாமல் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பாது. சர்வீஸ் ஆளுக்குப் போன் போகும். சர்வர் லினக்ஸாக இருந்தால், அவர் வந்து எஸ்இலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவலை மொத்தமாக அணைத்துவிடுவார். ஸ்டிக்கர் ஓடும், அவரும் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். அணைத்தது அணைத்தபடியே கிடக்கும். எந்த நோட்டிலும் அது ஏறாது, முதலாளி காதுக்கும் போகாது. ஒரே ஒரு பிரிண்டருக்காகச் சர்வர் முழுவதன் காவலையும் எடுத்துவிடும் இந்தப் பழக்கம் தொடர்ந்து நடக்கிறது. இது தேவையே இல்லாத ஆபத்து.

அணைக்கப்படுவது என்ன என்று முதலில் பார்ப்போம். சாதாரணக் கணினி அனுமதியில், கோப்புக்கு உரியவர் யாருக்கு வேண்டுமானாலும் கதவைத் திறந்துவிடலாம். 'ரூட்' என்ற தலைமைக் கணக்குக்கோ எந்தக் கதவும் தடையில்லை. கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பது அதற்கும் மேலே நிற்கும் சட்டம். ஒரு நிரல் எந்தக் கோப்பைப் படிக்கலாம், எங்கே எழுதலாம், எந்தச் சாதனத்தைத் தொடலாம் என்று முன்கூட்டியே வகுத்திருப்பார்கள். ரூட்டாகவே ஓடினாலும் அந்த நிரல் எல்லையைத் தாண்ட முடியாது. இந்தச் சட்டத்தை லினக்ஸில் நடத்தும் எஸ்இலினக்ஸை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2000-இல் வெளியிட்டது. இன்று ரெட் ஹேட், அல்மா, ராக்கி வகைகளில் அது இருக்கிறது. உபுண்டுவில் அதே வேலையைச் செய்வது ஆப்ஆர்மர். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் 'கப்ஸ்' சேவைக்கு இரண்டிலுமே தனி விதித்தொகுப்பு உண்டு. தன் அமைப்புக் கோப்புகளையும், அச்சு வரிசை நிற்கும் கோப்புறையையும், தன் பதிவேட்டையும், பிரிண்டரையும் அது தொடலாம். கம்பெனியின் கணக்கு டேட்டாவில் அதற்கு வேலை இல்லை.

அச்சுச் சேவையை மட்டும் இவ்வளவு சந்தேகிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் நடந்தவற்றைப் பார்க்கட்டும். அந்தச் சேவை பின்னணியில் எப்போதும் விழித்திருக்கும், ரூட் அதிகாரத்தோடு தொடங்கும், நெட்வொர்க்கில் யார் அனுப்பும் கோப்பையும் வாங்கிப் பிரித்துப் படிக்கும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், விண்டோஸின் அச்சுச் சேவையான பிரிண்ட் ஸ்பூலரின் ஓட்டையையும் பரவுவதற்குப் பயன்படுத்தியது. 2021-இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை அதே ஸ்பூலரில் வந்தது. மைக்ரோசாஃப்ட் ஜூலை மாதம் அவசரத் திருத்தம் வெளியிட்டது. லினக்ஸும் தப்பவில்லை. 2024 செப்டம்பர் 26 அன்று இத்தாலிய ஆய்வாளர் சிமோனே மார்கரிட்டெல்லி, கப்ஸ் சார்ந்த நான்கு ஓட்டைகளை வெளியிட்டார். பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் 'கப்ஸ்-ப்ரௌஸ்டு' என்ற துணைச் சேவை, 631-ஆம் யுடிபி போர்ட்டில் யார் சொன்னாலும் நம்பிவந்தது. அப்படிப் போலி பிரிண்டர் ஒன்று பட்டியலில் ஏற முடிந்தது. அதற்கு யாராவது ஒரு பிரிண்ட் கொடுத்த நொடியில் தாக்குபவரின் கட்டளை சர்வரில் ஓட முடிந்தது. அதே சர்வரில்தான் பையரின் ஆர்ட்ஒர்க், ஆர்டர் விலை, தொழிலாளர்களின் ஆதார், பிஎஃப், வங்கி விவரங்கள் எல்லாம் கிடக்கின்றன. இன்வாய்ஸ் வடிவமும் ஆர்டர் எண்ணும் திருடன் கைக்குப் போனால், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் பையருக்கு மெயில் அனுப்புவது அவனுக்குச் சுலபம்.

"எங்களிடம் ஃபயர்வால் இருக்கிறது" என்பார்கள். அது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். பேக்கிங் செக்ஷனில் செருகிய பென்டிரைவையோ விருந்தாளிக்குக் கொடுத்த வைஃபையையோ தடுக்காது. "அப்டேட் போடுகிறோமே" என்பது நல்ல பதில்தான், ஆனால் ஓட்டை தெரிந்த நாளுக்கும் திருத்தம் ஏறும் நாளுக்கும் இடையில் காப்பாற்றக்கூடியது இந்த விதித்தொகுப்பு. "எங்களிடம் எல்லாம் விண்டோஸ்" என்பவர்களுக்கு எஸ்இலினக்ஸ் கிடையாது. ஆனால் அச்சு வேலை இல்லாத சர்வர்களில் ஸ்பூலர் சேவையை நிறுத்தி வைப்பது அவர்கள் கையில் இருக்கிறது. இன்னொரு மறுப்பு உண்மையிலேயே கனமானது: கன்டெய்னர் காத்திருக்கும்போது விதியைப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. அதனால் அவசரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது.

முழுக் காவலையும் அணைக்காமல், அச்சுச் சேவைக்கு மட்டும் தளர்த்தலாம். எஸ்இலினக்ஸில் கப்ஸின் பிரிவை மட்டும் 'பெர்மிஸிவ்' ஆக்க ஒரே கட்டளை போதும்; ஆப்ஆர்மரில் கப்ஸின் புரொஃபைலை மட்டும் 'கம்ப்ளெய்ன்' நிலைக்கு மாற்றலாம். இந்த நிலையில் தடை இருக்காது, ஆனால் தடுத்திருக்க வேண்டியவை எல்லாம் பதிவேட்டில் விழும். ஸ்டிக்கர், இன்வாய்ஸ் என்று கம்பெனியில் அடிக்கும் எல்லா வகையையும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, ஆடிட் பதிவை எடுத்துப் படிக்க வேண்டும். ரெட் ஹேட் வகையில் அடிக்கடி வெளிப்படும் காரணம் சின்னது. டிரைவரை டவுன்லோட் கோப்புறையிலிருந்து 'மூவ்' செய்திருப்பார்கள். எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்பிலும் பார்க்கும் முத்திரை (லேபிள்) பழைய இடத்துக்குரியதாகவே அதில் ஒட்டியிருக்கும். 'ரெஸ்டோர்கான்' என்ற கட்டளை அதைச் சரிசெய்துவிடும். புது அனுமதி உண்மையிலேயே தேவைப்பட்டால், உபுண்டுவில் ஆப்ஆர்மரின் 'லோக்கல்' கோப்புறையில் அந்த ஒரு வரியை மட்டும் சேர்க்க வேண்டும். அப்டேட் வந்தாலும் அது அழியாது. தடுக்கப்பட்டதை எல்லாம் அனுமதியாக மாற்றித் தரும் 'ஆடிட்2அலோ' கருவியின் வெளியீட்டைப் படிக்காமல் ஏற்றாதீர்கள். படிக்காமல் ஏற்றினால் திருடன் கேட்டதும் அனுமதியாகிவிடும். முடிந்ததும் காவலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். திரும்பச் சொல்கிறேன்: பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஏற்கெனவே முழுவதும் அணைத்து வைத்திருப்பவர்கள் ஒரேயடியாகத் திருப்பிப் போடக் கூடாது. எஸ்இலினக்ஸ் அணைந்திருந்த காலத்தில் உருவான கோப்புகளுக்கு முத்திரை இருக்காது. சர்வர் சரியாக எழாமல் போகலாம். முதலில் பெர்மிஸிவ் நிலையில் எழுப்பி, கோப்புகள் அனைத்துக்கும் மறுமுத்திரை போட்டு, சில நாள் பதிவைப் பார்த்து, பிறகு 'என்ஃபோர்ஸிங்' ஆக்குங்கள். இப்போது எந்த நிலை என்று அறிய ரெட் ஹேட்டில் 'கெட்என்ஃபோர்ஸ்', உபுண்டுவில் 'ஏஏ-ஸ்டேட்டஸ்' என்று அடித்தால் போதும். பிரிண்டரைத் தானாகத் தேடிச் சேர்க்க வேண்டிய தேவை இல்லாத இடத்தில் கப்ஸ்-ப்ரௌஸ்டை நிறுத்திவிடுங்கள். இதோடு ஒன்றையும் மறைக்கக் கூடாது: உபுண்டுவின் கப்ஸ் புரொஃபைலில் வெளி நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களுக்கு ஏறக்குறைய முழுச் சுதந்திரம் விடப்பட்டிருக்கிறது, அவை என்ன கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே காரணம். ஆகவே லேபிள் பிரிண்டருக்கு எங்கிருந்தோ கிடைத்த டிரைவரை ஏற்றினால் ஆப்ஆர்மர் காப்பாற்றாது. தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

இனி காகித வேலை. ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பது பணம் கொடுப்பவரின் உரிமை. எஸ்இலினக்ஸையோ ஆப்ஆர்மரையோ எழுத்துமூலச் சம்மதமின்றி அணைக்கக் கூடாது. தளர்த்தினால் தேதி, காரணம், திருப்பிய நேரம் மூன்றையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த 180 நாள் என் கணக்கல்ல. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு அது. சர்வருக்குள் யாராவது அனுமதியின்றி நுழைந்தது தெரிந்தால், 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் மட்டும்தான் கொடுத்தார்கள், விலக்கு கொடுக்கவில்லை. செர்ட்-இன் கேட்கும் தகவலைத் தராவிட்டால் அல்லது அதன் உத்தரவை மீறினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி(7) பிரிவில் ஓராண்டு வரை சிறையோ, 2023 திருத்தத்துக்குப் பின் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இவ்வளவு பெரிய தண்டனையை வைத்த அரசு, அதைத் தொழிற்பேட்டைக்கு வந்து தமிழில் சொல்லியிருக்க வேண்டாமா? ஓடிபி சொல்லாதே என்ற எச்சரிக்கை காலர் டியூன் வரை வந்துவிட்டது. இந்த உத்தரவைப் பற்றிய பேச்சே பட்டறைகளில் கேட்பதில்லை. செர்ட்-இன் இலவச எண் 1800-11-4949. சம்பவத்தைத் தெரிவிக்கும் படிவம் அதன் இணையதளத்தில் இருக்கிறது.

ஏதாவது நடந்துவிட்டால் சர்வரை ஃபார்மேட் செய்யாதீர்கள். சர்வீஸ் ஆள் முதலில் கேட்பது அதுதான். அதற்குச் சம்மதித்தால் வழக்கே போய்விடும். நெட்வொர்க் ஒயரைப் பிடுங்குங்கள், ஹார்டு டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு இரண்டு பாகச் சான்றிதழ் வேண்டும்: 'ஏ' பாகத்தில் கணினிக்குப் பொறுப்பானவர் கையெழுத்து, 'பி' பாகத்தில் நிபுணர் கையெழுத்து, இரண்டிலும் கோப்பின் ஹாஷ் எண் இருக்க வேண்டும். பிரதி எடுத்த அன்றே இதையும் வாங்கிவிடுங்கள். பிறகு ஆளைத் தேடுவது கஷ்டம். பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். பணம் போகாமல் டேட்டா மட்டும் போயிருந்தால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதிவுசெய்து, உங்கள் எல்லைக்குரிய சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்துமூலமாகவும் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள். எஃப்ஐஆர் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. பதிய மறுத்தால் பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பதிலில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நஷ்டஈடு வேண்டுமென்றால் அது தனி வழி: 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்து விசாரிப்பார். அங்கே முதலில் எழும் கேள்வி, நீங்கள் உங்கள் சர்வரை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும். காவல் அணைக்கப்பட்ட தேதியும் திருப்பிப் போட்ட தேதியும் எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட் அப்போது உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும்.