கள்ளுக்கடை

கள்ளுக்கடை என்பது பனை, தென்னை முதலிய மரங்களிலிருந்து இறக்கப்படும் கள்ளை, தொட்டுக்கொள்ளும் உணவுகளுடன் அங்கேயே அமர்ந்து அருந்துவதற்கு விற்கும் கடை ஆகும். இலங்கைத் தமிழர் இதனைத் தவறணை என்பர். இது ஐரோப்பியர் வழி வந்த சொல். தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள் விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளதால் அங்கு சட்டப்படியான கள்ளுக்கடை எதுவும் இல்லை. கேரளம், புதுச்சேரி, தெலங்கானா, இலங்கை ஆகிய இடங்களில் இக்கடைகள் இயங்கி வருகின்றன.

கள்ளின் ஆயுள்

கள்ளுக்கடை ஏன் எப்போதும் அக்கம்பக்கத்தாரின் கடையாகவே இருந்தது என்பதற்கான விடை கள்ளின் வேதியியலில் உள்ளது. சீவிய பாளையிலிருந்து கலயத்தில் சொட்டும் சாறு இனிப்பானது. கலயத்திலும் காற்றிலும் உள்ள இயற்கையான நொதியங்கள் உடனே அச்சர்க்கரையை மதுசாரமாக மாற்றத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் மதுசார அளவு ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காட்டை எட்டுகின்றது. இது சாதாரண பியரின் அளவே. இந்நிகழ்வு அத்துடன் நிற்பதில்லை. ஒரு நாளைக்குள் புளிப்பு ஏறிப் பின்னர் அது காடியாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டு, அதே சாறு பதநீராகக் கிடைக்கும். ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு ஒன்றே வேறுபாடு.

ஆகவே கள்ளைச் சேமித்து வைக்கவோ தொலைதூரம் அனுப்பவோ இயலாது. மரத்துக்கு அருகில் கடை, அன்றைய கள் அன்றே விற்பனை என்பதே இத்தொழிலின் விதி. இங்கிலாந்தின் 'பப்' எனப்படும் மதுவகங்களும் இவ்வகையில் ஒப்பிடத்தக்கவை. அங்கு பீப்பாயிலேயே தொடர்ந்து நொதிக்கும் 'ஏல்' வகை பியரைப் பீப்பாய் திறந்த சில நாட்களுக்குள் விற்றுத் தீர்க்கவேண்டும்.

கடையும் உணவும்

கீற்றுக் கொட்டகை, சில பலகைகள், கள் நிறைந்த பானைகள் ஆகியவையே கடையின் பொதுவான அமைப்பு. மொந்தையில் கள் ஊற்றிக் கொடுப்பர். பனையோலையை மடித்துச் செய்த பட்டையிலும் அருந்துவதுண்டு. யாழ்ப்பாணத்தில் இவ்வோலைக் கலத்துக்குப் பிளா என்று பெயர்.

புளிப்பான கள்ளுக்குக் காரமான உணவே ஏற்றது என்பதால் கருவாடு, மீன் வறுவல், குடல், ஈரல், அவித்த முட்டை, சுண்டல் போன்றவை கடையிலோ அதன் வாசலிலோ விற்கப்பட்டன. சென்னைப் பேச்சு வழக்கில் இத்தகைய தொடுகறிகளைச் சாக்கணா என்பர். கேரளத்தில் இவ்வுணவு தனிப் புகழ் பெற்றுவிட்டது. மரவள்ளிக்கிழங்கும் குடம்புளி இட்ட மீன் கறியும் உண்பதற்காகவே அங்குள்ள கள்ளுக்கடைகளுக்குச் செல்வோர் பலர்.

அரசும் எதிர்ப்பும்

சென்னை மாகாணத்தில் 1886 ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் மது வருவாயை முறைப்படுத்தியது. கடை நடத்தும் உரிமை ஏலம் விடப்பட்டது. கள் இறக்கும் மரத்துக்கும் வரி விதிக்கப்பட்டது. அதிகத் தொகைக்கு ஏலம் எடுத்தவர் அதிகம் விற்றே தீரவேண்டியிருந்ததை இங்கு கவனிக்கவேண்டும்.

1921 இல் ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில் ஈ. வெ. இராமசாமியின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். கூலிப்பணம் வீடு வந்து சேராததன் துன்பத்தைப் பெண்களே அதிகம் அறிந்திருந்தனர். மறுபுறம், மரமேறிகளுக்கு இது குலத்தொழிலாக இருந்தது. சென்னையைச் சுற்றிய வட மாவட்டங்களில் கிராமணி சமூகத்தினர் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். அச்சமூகத்திற் பிறந்த ம. பொ. சிவஞானம் மதுவிலக்கை ஆதரித்துத் தம் சமூகத்தாரின் எதிர்ப்பைத் தேடிக்கொண்டார். இரு தரப்பாரும் ஏழைகளே என்பதால் இச்சிக்கலுக்கு எளிய தீர்வு அமையவில்லை.

1937 அக்டோபர் 1 அன்று இராசகோபாலாச்சாரியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இதனால் இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் பொது விற்பனை வரி தோன்றியதற்குக் கள்ளுக்கடை மூடப்பட்டதும் ஒரு காரணம் எனலாம். 1948 அக்டோபர் 2 இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது.

திறப்பும் தடையும்

1971 இல் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1973 இல் கள்ளுக்கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981 இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் திறக்கப்பட்டு, அதே ஆட்சியில் 1987 இல் தடைசெய்யப்பட்டன.

கலப்படம் கள்ளுக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான காரணமாகும். கேட்போர் பெருகினாலும் பாளை கூடுதலாகச் சுரக்காது. எனவே நீர் கலப்பதும், குறைந்த இனிப்புக்குச் சாக்கரினும் குறைந்த போதைக்குக் குளோரல் ஐதரேட்டு போன்ற மயக்க மருந்துகளும் சேர்ப்பதும் பல இடங்களில் கண்டறியப்பட்டுள்ளன. ஆலையில் அடைத்து முத்திரையிட்ட புட்டியைச் சோதிப்பது எளிது; நாள்தோறும் ஆயிரக்கணக்கான மரங்களிலிருந்து வரும் கலயங்களைச் சோதிப்பது கடினம். வரி வசூலுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

எனினும் தடையின் விளைவு முரணானது. 1983 இல் நிறுவப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் மது சில்லறை விற்பனையையும் தன்வசம் வைத்துள்ளது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களிலும் 42.8 விழுக்காடு மதுசாரம் கொண்ட பிராந்தியைச் சட்டப்படி வாங்கலாம். 5 விழுக்காட்டுக் கள்ளை வாங்க இயலாது. கள்ளை உணவாகக் கருதவேண்டும் என்று கோரும் கள் இயக்கத்தினர் இதனையே சுட்டிக்காட்டுகின்றனர். 2017 இல் தமிழ்நாடு அரசு, தென்னையிலிருந்து நொதிக்காத நீரா இறக்க அனுமதித்தது. கள் மீதான தடை நீங்கவில்லை.

யாழ்ப்பாணத் தவறணை

இலங்கையின் வடக்கில் 1970களில் தொடங்கிய பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளை நடத்துகின்றன. சீவல் தொழிலாளர் இறக்கும் கள்ளைச் சங்கமே பெற்று விற்பதால், இடையில் ஏலக்காரர் இல்லை. பனையின் பருவத்தில் விற்று எஞ்சும் கள் வீணாகாமல் இருக்க, அதனைச் சூடாக்கி நொதியங்களைச் செயலிழக்கச் செய்து போத்தலில் அடைக்கின்றனர். இப்போத்தல் கள் வெளிநாடுகளுக்கும் செல்கின்றது. சுவை மரத்தடிக் கள்ளுக்கு ஈடாகாது என்பது குடிப்போர் கூற்று.