கடனும் பாதுகாப்புச் சோதனையும்

அரசாங்க வேலைக்கு மனுச் செய்யும் நம் பட்டதாரிகள் 'தாப்பிசான் கெசெலாமாத்தான்' என்றதும் போலீஸ் பதிவைத்தான் நினைக்கிறார்கள். இரகசியக் கோப்புகளைக் கையாளப் போகிறவரைப் பற்றிய இந்தப் பாதுகாப்புச் சோதனையில் கடனும் ஒரு கேள்வியாக வரக்கூடும். நான் பிறந்து வளர்ந்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், "அண்ணே, பி.டி.பி.டி.என். பாக்கி இருக்கு. மனுப் போட்டு என்ன ஆகப்போவுது?" என்று கேட்கும் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடன் வேலைக்குக் குறுக்கே நிற்பது தேயிலைக் காட்டுக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுப்பது அது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. இங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதே 1929இல்தான். ஆனாலும் கடன்காரன் என்ற கூச்சம் மட்டும் எப்படியோ மலையேறி வந்துவிட்டது.

துண்டு ஆளைப் பிடித்து வைப்பதற்கு. பாதுகாப்புச் சோதனையின் கவலை வேறு: இவரை யாராவது விலைக்கு வாங்க முடியுமா? அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், மணமுறிவால் வந்த கடன் நெருக்கிய நிலையில், 1985இல் சோவியத் தூதரகத்தை நாடி இரகசியங்களை விற்கத் தொடங்கினார். 1994இல்தான் கைதானார். இடையில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம் கொடுத்து வீடு வாங்கியது யார் கண்ணையும் உடனே உறுத்தவில்லை என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்கா 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டி, கடன் எவ்வளவு என்பதோடு நிற்பதில்லை. ஏன் வந்தது, வந்த பின் என்ன செய்தார் என்றும் பார்க்கிறது. வேலை இழப்பு, நோய், மரணம் போன்றவற்றால் வந்த கடனை நேர்மையாக அடைத்து வருபவருக்கு அது சாதகமாகவே பேசுகிறது. கட்ட முடிந்தும் கட்டாதவர்மீதுதான் சந்தேகம்.

நம் நாட்டில் வெளிப்படையான எல்லை 1993ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிகளில் இருக்கிறது. ஈடில்லாக் கடன் மாதச் சம்பளத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டினாலோ, நீதிமன்றம் கட்டச் சொன்ன கடனை ஒரு மாதத்திற்குள் தீர்க்காவிட்டாலோ, திவாலானாலோ அது 'கடுமையான கடன் சுமை'. சிங்கப்பூர் அரசு ஊழியருக்கு அந்த எல்லை மூன்று மடங்கு. கடன் சுமை ஏற்பட்டால் துறைத் தலைவரிடம் உடனே சொல்ல வேண்டும். மறைப்பதே தனிக் குற்றம். தன் தவறு சிறிதும் இல்லாத துன்பத்தால் வந்த கடனை விதி வேறாகவே நோக்குகிறது. இதைத்தான் தம்பிகள் கவனிக்க வேண்டும்.

லயத்து வாழ்க்கையில் பெரிய ஆபத்து நாம் வாங்கும் கடனைவிடப் பிறருக்குப் போடும் கையெழுத்து. மோட்டார் சைக்கிளுக்கு, மாமன் மகன் படிப்புக்கு என்று ஜாமீன் நிற்காத வீடு அரிது. 2017இல் திவால் சட்டம் திருத்தப்பட்ட பின், இலாப நோக்கமின்றிப் படிப்புக் கடனுக்கும் சொந்த வாகனத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. அதற்காகக் கடன் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை; வழக்குப் போடலாம், தீர்ப்பும் வாங்கலாம்.

கடையில் 555 புத்தகத்தில் ஏறும் பாக்கி எந்தக் கணினியிலும் வராது. வங்கிக் கடன் நெகாரா வங்கியின் சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவில் மாதாமாதம் ஏறும். அந்த அறிக்கையை இலவசமாகவே பெறலாம்; மனுப் போடும் முன் பார்த்துவிடுங்கள். பி.டி.பி.டி.என். தவணை கட்ட முடியாதவர்கள் தவணையைத் திருத்தி அமைக்கக் கேட்கலாம். கட்டிய இரசீதுகளை வைத்திருங்கள். முகவரியையும் மாற்றிக் கொடுங்கள். கோலாலம்பூரில் வேலை பார்ப்பவருக்கு வரும் வழக்கறிஞர் கடிதம் ரிங்லெட் தோட்டத்து லயத்துக்குப் போய், அம்மா அதைப் பிரிக்காமலே சாமி மேடைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருப்பார்.