ஒலிபெருக்கியை இணைக்குமுன் ஒரு கணக்கு

விளையாட்டுப் போட்டி, ஆண்டு விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா எதுவாயினும் ஒலிபெருக்கி இன்றி நடவாது. அதனை இணைக்கும் பொறுப்பும் பெரும்பாலும் ஆசிரியர் தலையில்தான் விழும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளித் திடலில் அப்பொறுப்பை ஏற்றவன் நான். குரல் திடலின் கோடிவரை எட்டவேண்டுமென்று 8 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கினையும் ஒரே முனையில் சேர்த்துக் கட்டினேன். அரைமணி நேரத்தில் கருகல் நாற்றம் எழுந்தது. பெற்றோர் காசு சேர்த்து வாங்கித் தந்த ஆம்பிளிபயர் ஊமையாயிற்று. பிழை கருவியினுடையதன்று, கணக்குப் போடாத என்னுடையது.

முதலில் சொற்குழப்பம் தீரவேண்டும். ஆம்பிளிபயர், ஸ்பீக்கர் இரண்டையுமே நாம் ‘ஒலிபெருக்கி’ என்கிறோம். முன்னது மின்சாரத்தைக் கொடுப்பது. பின்னது அதனைக் கொண்டு ஒலியாக்குவது. கொடுப்பவன் சக்திக்கு மேல் கொள்பவன் இழுத்தால், கேடு கொடுப்பவனுக்கே.

ஸ்பீக்கரின் பின்புறம் காணும் 4 ஓம், 8 ஓம் என்பவை மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பின் அளவு. எதிர்ப்புக் குறைந்தால் ஓட்டம் மிகும். ஜெர்மன் அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இது. 20 வோல்ட் தரும் ஆம்பிளிபயரிலிருந்து 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று 2.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டைப் பக்க இணைப்பாகக் கட்டினால் எதிர்ப்பு 4 ஓம், ஓட்டம் 5 ஆம்பியர். நான்கைக் கட்டினால் 2 ஓம், 10 ஆம்பியர்! ஸ்பீக்கர் கூடும்போது எதிர்ப்புக் குறைவதேன் என மாணவர் கேட்பர். மண்டபத்துக்கு ஒரு கதவுக்குப் பதில் நான்கு கதவுகளைத் திறந்தால் கூட்டம் எளிதில் வெளியேறுமன்றோ? அதுபோலத்தான்.

வழி எளிது. இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில் கட்டினால் ஒவ்வொரு சோடியும் 16 ஓம். அச்சோடிகள் இரண்டையும் பக்க இணைப்பாகச் சேர்த்தால் மொத்தம் மீண்டும் 8 ஓம். ஆம்பிளிபயரில் குறித்துள்ள எண்ணுக்குக் கீழே மொத்தம் இறங்கலாகாது.

தூரம் மிகுந்தால் வேறொரு தொல்லை உண்டு. நீண்ட கம்பியின் எதிர்ப்பு 2 ஓம் ஆனால், 8 ஓம் ஸ்பீக்கருக்குச் செல்லும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கு கம்பியிலேயே வெப்பமாகிவிடும். ஆகவே திடல்களுக்கு 100 வோல்ட் முறை ஏற்றது. இதில் ஒவ்வொரு கூம்பு ஸ்பீக்கரிலும் மின்மாற்றி ஒன்று இருக்கும். இங்கே ஓம் கணக்கு வேண்டா; வாட்டைக் கூட்டினால் போதும். 60 வாட் ஆம்பிளிபயருக்கு 10 வாட் கூம்புகள் நான்கோ ஐந்தோ தாங்கும். மின்மாற்றியில்லாத 8 ஓம் ஸ்பீக்கரை 100 வோல்ட் முனையில் ஒருபோதும் மாட்டலாகாது. அது 1,250 வாட் இழுக்க முயலும், இரண்டும் பாழாகும்.

எம்முறையாயினும் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பியைத் தொடுக. 100 வோல்ட் முனை உடலைத் தாக்கவல்லது. கம்பியின் இழைகளை நன்றாக முறுக்கி, ஒரு முனையின் இழை மறுமுனையைத் தொடாதவாறு பொருத்துக. ஒலியளவைக் குறைத்துவைத்துத் தொடங்கி, மெல்ல உயர்த்துக.

ஐந்தாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்கு இது. விழாவுக்கு முதல்நாள் ஒரு தாளில் அதனை எழுதிப் பார்த்துவிட்டால், மறுநாள் பிள்ளைகளின் குரல் பாதியில் நின்றுபோகாது.