ஆலைகளின் மின்தேவையும் உச்சநேர மேலாண்மையும்

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பது செலவு மிக்கது என்பதால், எந்த நொடியில் எவ்வளவு நுகரப்படுகிறதோ ஏறத்தாழ அவ்வளவையே அந்த நொடியில் உற்பத்தி செய்தாக வேண்டியிருக்கிறது. இந்தச் சமநிலையைக் காட்டுவது, மாறுதிசை மின்னோட்டம் ஒரு விநாடியில் எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் குறிக்கும் அலைவெண் ஆகும். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்க வேண்டிய அது, தேவை மிகும்போது சரிகிறது; உற்பத்தி மிகும்போது ஏறுகிறது.

நாளில் சில மணிநேரமே நீடிக்கும் உச்சத் தேவைக்காகக் கட்டப்படும் மின்நிலையங்களும் மின்மாற்றிகளும் மீதி நேரத்தில் முழுப் பயனின்றிக் கிடப்பதால், உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகளிடம் நுகர்ந்த யூனிட்டுகளுக்கான விலையோடு, மாதத்தில் பதிவான உச்ச அளவுக்குரிய தேவைக் கட்டணமும் வசூலிக்கப்படுகிறது. எனவே, ஒரு வார்ப்பாலையில் இரண்டு தூண்டல் உலைகளை ஒரே வேளையில் முழுத்திறனில் உருக்கவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கினால், உருகும் இரும்பின் அளவு குறையாமலேயே உச்சத் தேவை தணிகிறது.

உச்சத் தேவையைத் தணிக்கும் அடுத்த வழி, எடுக்கும் மின்சாரத்தில் பயனுள்ள வேலையாக மாறும் பங்கைக் குறிக்கும் திறன்காரணியை உயர்த்துவது. மோட்டார்கள் காந்தப்புலத்தை உண்டாக்குவதற்கென எடுக்கும் மின்னோட்டம் பயனுள்ள வேலையாக மாறுவதில்லை என்றாலும், கம்பிகளின் பளுவைக் கூட்டுகிறது. 400 கிலோவாட் வேலைக்கு, திறன்காரணி 0.80 ஆக இருந்தால் 500 கிலோவோல்ட் ஆம்பியர் தேவைப்படும்; மோட்டார்களுக்கு அருகில் மின்தேக்கிகளைப் பொருத்தி அதை 0.95 ஆக்கினால் சுமார் 421 போதும்.

வழங்கலின் இயல்பும் மாறிவருகிறது. ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்களில் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் காற்றாலை மின்சாரம் பெருகுகிறது. சூரிய மின்சாரமோ நண்பகலில் மிகுந்து, மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில் மறைந்துவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப, மிகை மின்சாரத்தால் நீரை மேலேற்றிவைத்துப் பின்னர் இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் போன்றவை உதவினாலும், ஏற்ற இறக்கம் முழுவதையும் அவற்றால் மட்டும் ஈடுகட்ட இயலாது.

ஆகவேதான், வணிக, தொழில் நுகர்வோருக்கு உச்சநேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைப்போல் 1.2 மடங்குக்குக் குறையாமலும், சூரிய ஒளி மிகுந்த நேரத்துக் கட்டணம் 20 சதவீதமாவது மலிவாகவும் இருக்க வேண்டுமென மத்திய அரசு 2023இல் விதி வகுத்தது. நீரேற்றுதல், குளிரூட்டுதல், காற்றழுத்தம் சேர்த்தல் என நேரம் மாற்றத்தக்க பணிகளைப் பகலுக்கு நகர்த்தும் ஆலை தன் செலவைக் குறைத்துக்கொள்வதோடு, புதிய மின்நிலையங்களுக்கான தேவையையும் தள்ளிப்போடுகிறது.