கணிப்பொறியின் தொலைந்த பதிவேடு

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் வாயிலில் காவலர் ஒருவர் பெயர்ப் பதிவேட்டுடன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பதிவேடு ஒருநாள் தொலைந்துபோனால் என்னாகும்? ஆலையும் இயந்திரங்களும் அப்படியே இருக்கும். ஆயினும் காவலர் எவரையும் உள்ளே விடமாட்டார். லினக்ஸ் கணிப்பொறியிலும் இத்தகைய நிலை நேர்வதுண்டு.

1991-ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். அதன் 'டெபியன்' வகையைத் தழுவி, சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் 'பாஸ்' இயங்குதளத்தை வெளியிட்டது. 2011 முதல் தமிழக அரசு மாணவ மாணவியருக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அதுவும் இடம்பெற்றது. ஆதலின் இதனை அறிவது நமக்குப் பயன் தரும்.

லினக்ஸில் 'ஈ.டி.சி.' என்னும் அடைவில் இரு கோப்புகள் உள்ளன. பயனர்களின் பெயரும் எண்ணும் 'பாஸ்வேர்ட்' கோப்பில் இருக்கும். கடவுச்சொல்லின் மறைகுறி 'ஷேடோ' கோப்பில் இருக்கும். நிர்வாகி அதிகாரத்தோடு பணிபுரிவோர் 'பாஸ்வேர்ட்' கோப்பை அழித்துவிட்டால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே நுழைய இயலாது.

உடனே பலர் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ முனைவர். அது தவறு. வட்டினைத் துடைத்து நிறுவினால், அதுவரை பத்திரமாக இருந்த நம் பாடக்குறிப்புகளும் செயல்திட்டங்களும் அழிந்துபோகும்.

செய்ய வேண்டியது இதுவே. லினக்ஸ் பதிந்த பென்டிரைவ் கொண்டு கணிப்பொறியை இயக்க வேண்டும். அதிலிருந்து உள்வட்டின் 'ஈ.டி.சி.' அடைவைத் திறந்தால், பெயரின் இறுதியில் சிறு கோடிட்ட ஒரு நகல் காணப்படும். பயனர் பட்டியல் மாறும்போது, முந்தைய பட்டியலைக் கணிப்பொறியே இவ்வாறு சேமித்துவைக்கிறது. அந்நகலைப் பழைய பெயரில் படியெடுத்து, யாவரும் படிக்கலாம், நிர்வாகி மட்டுமே திருத்தலாம் என்று உரிமை அமைத்து, மீண்டும் இயக்கினால் கதவு திறக்கும். அந்நகலும் இல்லையெனில், டெபியன் வகையில் 'வார்' அடைவினுள் 'பேக்கப்ஸ்' பகுதியில் தேடலாம்.

நகல் ஒரு படி பழையது. எனவே கடைசியாகச் சேர்ந்த மாணவியின் பெயர் அதில் இல்லாதிருக்கலாம். அவரைப் பழைய எண்ணிலேயே மீண்டும் சேர்த்தால்தான் அவருடைய கோப்புகள் அவருக்கே உரியனவாகும்.

மறைகுறியிடப்படாத வட்டினை இவ்வழியில் எவரும் திறக்கக்கூடும். ஆகவே கணிப்பொறி அறையைப் பூட்டிவைப்பதும், ஆசிரியரின் அனுமதியுடன் மட்டுமே இதைச் செய்வதும் நம் கடமை.

கதவு அடைபட்டதாலேயே வீடு அழிந்துவிடவில்லை. பதறாத காரியம் சிதறாது என்னும் முதுமொழியை நெஞ்சில் நிறுத்தி, நிதானத்துடன் செயலாற்றுவோம்.