திரையை நாடும் உள்ளம்

பெங்களூரிலுள்ள ‘நிமான்ஸ்’ மனநல நிலையத்தின் சார்பில், கைப்பேசியையும் இணையத்தையும் அளவுகடந்து உபயோகிப்போருக்கென 2014-ஆம் ஆண்டில் ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதன் சுருக்கப் பெயர் ‘ஷட்’. ஆங்கிலத்தில் இச்சொல் ‘மூடு’ எனப் பொருள்படினும், திரையை அறவே மூடச் செய்வது அதன் நோக்கமன்று; நலமான உபயோகமே நோக்கம்.

‘எத்தனை மணி நேரம்?’ என்றே பெற்றோர் கவலையுறுகின்றனர். ‘எதற்காக?’ என்பதே மனோதத்துவ ரீதியில் முதன்மையான வினா. நட்கர்ணி, ஹாஃப்மன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், முகநூலைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 2012-இல் இரண்டு தேவைகளைக் காரணமாகக் கூறினர். பிறரோடு சேர்ந்திருக்கும் நாட்டம் ஒன்று. தன்னைப் பிறருக்குக் காட்டிக்கொள்ளும் நாட்டம் மற்றொன்று. இவை புதியனவல்ல. ஊர்த் திண்ணையும் திருவிழாவும் இவற்றையே நெடுங்காலம் நிறைவேற்றி வந்தன.

புதுமை, வெகுமதி கிடைக்கும் விதத்தில் உள்ளது. அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் நடத்தினார். கொத்தும்தோறும் தானியம் பெற்ற புறா, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்தது; எந்தக் கொத்தலுக்குக் கிடைக்குமென்று அறியாத புறாவோ வெகுநேரம் ஓயாது கொத்தியது. 2009-இல் முகநூலில் தோன்றிய ‘விருப்பக்’ குறியும் இவ்வாறே செயற்படுகிறது. ஒரு படத்துக்கு நூறு கிடைக்கும். அடுத்ததற்கு மூன்றே கிடைக்கும். விரல் மீண்டும் திரைக்குச் செல்கிறது.

கைப்பேசியைப் பறிப்பதால் கருவி அகலுமேயன்றித் தேவை அகலாது. தோழரற்ற மாணவனும் புகழ் விரும்பும் மாணவனும் ஒரே திரையைப் பார்ப்பினும் நாடுவது வேறு. முன்னவனுக்கு விளையாட்டுக் குழுவில் ஓரிடம் வேண்டும். பின்னவனுக்குப் பள்ளி மேடையே போதுமானதாகலாம். எந்த வேளையில், எந்த மனநிலையில் கை திரையை நாடுகிறது என்பதை ஆசிரியர் முதலில் கேட்டறிதல் நன்று.